பென்சில் சீட்டில் இருந்த நேரம்

"செவ்வாய், ஜனவரி. தாள் இல. 31. கழற்றியது காலை 6.42. தூறல். பஸ் இரண்டு நின்றபடி புகை. தங்கச்சி மூன்று தரம் இருமினாள்."

சீட்டில் இருப்பது இவ்வளவுதான். கோடு போட்ட கொப்பியிலிருந்து கிழித்த அரைத்தாள். எழுத்து என்னுடையது, பென்சிலால் எழுதியது. நாலாக மடித்திருந்ததால் மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து மங்கியிருக்கிறது. ஆனால் 6.42 மடிப்பில் படவில்லை, தெளிவாக நிற்கிறது. என் பழைய மழைக்கோட்டின் உள்பையில் இருந்து சென்ற மாதம் இதை எடுத்தேன். கோட்டின் தையல் விட்டுப்போனதால் விறகை மூட வெட்டலாம் என்று பைகளைத் துழாவியபோது கையில் அகப்பட்டது. ஆண்டு குறிக்கப்படவில்லை. கண்டியில் எங்கள் மகியாவைப் பகுதியில் எந்த வருடம் எந்த மாதம் குழாய்த் தண்ணீர் எத்தனை நாள் நின்றது, வாவிக்கரையில் எந்த மரம் என்றைக்குச் சாய்ந்தது என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறவன் நான். ஆண்டை விடுவது என் வழக்கம் அல்ல. ஆனாலும் இந்தச் சீட்டுக்கு ஆண்டு தேவையில்லை. முப்பத்தோராம் இலக்கத் தாள் என் வாழ்க்கையில் ஒரு தடவைதான் கழற்றப்பட்டது.

அந்தத் தாள்களுக்கு இலக்கம் இட்டவரை நாங்கள் எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இரசாயனம் படித்து வெளிநாட்டில் கலாநிதிப் பட்டமும் எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். அவர் முதலில் பார்த்தது என்னை அல்ல, என் எழுத்தை. எங்கள் மாதா கோயில் வாசலில் உள்ள அறிவித்தல் பலகையில் பூசை நேரங்களையும் மரித்தோர் பெயர்களையும் எழுதுவது நான். ஒரு ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் படியிறங்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் அந்தப் பலகையின் முன்னால் நின்று இதை எழுதியது யார் என்று கேட்டாராம். பக்கத்தில் நின்ற என் தங்கச்சி, "எங்கண்ணன்தான். கந்தோர்ல முப்பத்தாறு வருசம் எழுதியும் கை ஓயல" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் மிஸ் வீட்டுக்கு வந்தார். தினமும் காலையில் தன்னோடு றோட்டில் நின்று நேரம் குறிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் அரச கந்தோர் ஒன்றில் பதிவேட்டு எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் கதிரை தேய்ந்துகொண்டிருந்தது. சரி என்றேன்.

என்ன அளக்கிறோம் என்பதை அவர் எனக்கு விளக்கியதை அன்றைய நாட்குறிப்பில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். காற்றில் தூசு இருக்கிறது, அதை நிறுத்து இவ்வளவு மில்லிகிராம் என்று சொல்கிறார்கள். அது பாரம் மட்டும்தான். அந்தத் தூசின் மேல் ஒட்டிக்கொண்டு வரும் சில பொருட்கள் இருக்கின்றன. புகைக்குழாயிலிருந்து வெளியே வந்து வெயிலும் காற்றும் பட்டதும் உண்டாகின்றவை. ஒட்சியேற்றும் குணம் உள்ளவை. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும் வெட்டி வைத்த வாழைக்காயைக் கறுக்கச் செய்வதும் அதே குணம்தான். நெஞ்சுக்குள் போனால் அங்கும் அதே வேலையைச் செய்யும். "ஆனா அங்கிள், இதுங்களுக்கு ஆயுசு கம்மி" என்றார். "பொறந்த கொஞ்ச நேரத்துல செத்துரும். றோட்டுல நின்னு மூச்சு எடுக்கிறவங்க நெஞ்சுக்குள்ள உசிரோட போகும். தாள்ல பிடிச்சு நாங்க கொண்டுபோய்ப் பார்க்கிறதுக்குள்ள பாதி இருக்காது." ஆகவே தூசைப் பிடித்த தாளைக் கழற்றிய நிமிடத்துக்கும் அதை மருந்துத் தண்ணீரில் போட்ட நிமிடத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் போயிற்று என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். போன நேரத்தை வைத்து, செத்துப்போனது எவ்வளவு என்று கணக்குப் போட்டு அளந்ததோடு சேர்ப்பார். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் அந்தக் கணக்கை நம்ப முடியாது, தாளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இது அவர் தனக்குத் தானே போட்ட விதி. அந்த விதியை அவர் ஒரு தடவையும் தளர்த்தியதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மிஸ் ஆய்வுக் கட்டுரை எழுத வந்தவர்தான். ஆனால் மகியாவைக்கு வந்தபின் அந்த அளவைக்கு வேறொரு வேலையும் சேர்ந்துகொண்டது. என் தங்கச்சியும் இன்னும் இருபது பேர் வரையிலான பெண்களும் பஸ் தரிப்பிடத்தைச் சுற்றியுள்ள வீதிகளைக் கூட்டுகிறவர்கள். துப்புரவு வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பனி அவர்களை ஐந்து மணிக்கு இறக்கும், எட்டரைக்கு ஏற்றும். ஆறரைக்குப் பிறகு வெளியூர் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயந்திரத்தை நிறுத்தாமல் வரிசையில் நிற்கும். கண்டி மலைகளுக்கு நடுவில் கிண்ணத்துக்குள் இருக்கிற ஊர். குளிர்காலத்துக் காலையில் அந்தப் புகை மேலே எழும்பாது, வாவியிலிருந்து வரும் மூட்டத்தோடு கலந்து இடுப்பளவில் படுத்திருக்கும். பெண்கள் அதற்குள் குனிந்து கூட்டுவார்கள். நாலு மணிக்கே இறக்கி ஆறரைக்குள் ஏற்றிவிடுங்கள் என்று கம்பனிக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். எழுதியது நான். பதிலில் கம்பனி, காலைக் காற்றால் சுகக்கேடு வருகிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தது. அந்த ஆதாரத்தைத் தருவதற்குக் கண்டியில் அன்றைக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவருக்கு நேரம் குறிப்பதற்கு ஒரே ஓர் ஆளாக நான் இருந்தேன்.

காற்றை உறிஞ்சும் பம்பு ஒரு சோற்றுப் பெட்டி அளவுதான். அதன் குழாயின் வாயில் வெள்ளைத் தாளை வட்டமாக வெட்டிப் பொருத்துவார். கம்பத்தில் எந்த உயரத்தில் கட்டுவது என்பதில் மிஸ் பிடிவாதமாக இருந்தார். என் தங்கச்சியைக் கூட்டுகிற தும்புக்கட்டையோடு குனியச் சொல்லி, அவள் மூக்கு நிற்கும் உயரத்தை நாடாவால் அளந்தார். பெண்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். "எம்புருசன் கூட எம்மூக்க இப்பிடி உத்துப் பார்த்ததில்ல மிஸ்" என்றாள் தங்கச்சி. பிறகு ஒவ்வொரு நாளும் பெட்டியைக் கடக்கும்போது அதற்கும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவாள். "நல்லா இழுத்துக்க, எனக்கு மிச்சம் வைக்காத" என்பாள். இருமிக்கொண்டே சிரிக்கக் கூடியவள். நான் அந்த இருமல்களையும் சீட்டில் குறித்தேன். மிஸ் கேட்கவில்லை, பழக்கத்தால் குறித்தேன். ஆறரைக்குக் கொஞ்சம் பிந்தி மிஸ் தாளைக் கழற்றச் சொல்லுவார். நேரம் குறித்து, தாளைக் கறுப்புக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு இருவரும் திறீவீலரில் ஏறுவோம். மகியாவைக்கு அங்கிருந்து தூரமில்லை. ஆனால் நாங்கள் எந்தப் பஸ்களின் புகையைப் பெட்டியில் பிடித்திருந்தோமோ அதே பஸ்கள்தான் எங்களை வழியில் மறித்து நின்றன. திறீவீலருக்குள் மிஸ் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அளக்கும் இடம் மகியாவையில் ஒரு ஹாஜியாரின் பலசரக்குக் கடை மாடியில் வாடகைக்கு எடுத்த அறை. மருந்துத் தண்ணீர் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தார். முதல் நாள் ஹாஜியார் படியேறி வந்து கதவைத் திறக்காமலே, "மகள், உள்ளுக்க என்ன, படம் கழுவுறீங்களா? எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்க, பாஸ்போட்டுக்குத் தேவ" என்று கேட்டார். பிறகு நாங்கள் வரும் நேரம் பார்த்துப் படிக்கட்டில் கிடக்கும் சீனி மூட்டைகளை அகற்றி வைக்கப் பழகிக்கொண்டார். அரை நிமிடம் மிச்சமாகும் என்று மிஸ் அவருக்குச் சொல்லியிருந்தார். அறைக்குள் அந்தத் தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும். தாளின் தூசு அதில் கரைந்து கொஞ்ச நேரத்தில், கருவியின் நீல வெளிச்சம் பட்டதும் பச்சையாக ஒளிரும். எவ்வளவு பச்சையோ அவ்வளவு அந்தப் பொருள். நான் முதன்முதலாக அதைப் பார்த்தபோது அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மிஸ் திரும்பிப் பார்த்தார். "அது உங்க தங்கச்சி காலையில குடிச்சது அங்கிள்" என்றார். அதன்பின் நான் அந்தப் பச்சையைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

இனி என் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கந்தோரில் முப்பத்தாறு வருடம் நான் செய்த வேலை நல்ல பிரதி எழுதுவது. அதிகாரிகள் கிறுக்கித் தரும் கரட்டுப் பிரதியைப் பதிவேட்டில் வெட்டும் அழிப்பும் இல்லாமல் எழுதுவேன். எழுதி முடித்து ஒப்பிட்டுப் பார்த்ததும் கரட்டுப் பிரதியை நாலாகக் கிழித்துக் கூடையில் போடுவேன். இரண்டு பிரதி இருந்தால் இரண்டு உண்மை இருக்கும் என்று என் முதல் தலைமை எழுதுவினைஞர் சொல்லுவார். மிஸ்ஸின் வேலையிலும் அப்படியே செய்தேன். காலையில் றோட்டில் பென்சிலால் சீட்டில் குறிப்பேன். மத்தியானம் ஹாஜியார் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து நீலப் பேனையால் பெரிய ஏட்டில் பிரதி செய்வேன். பின் சீட்டைக் கிழித்துவிடுவேன். மிஸ்ஸின் சொந்தக் கொப்பி தேத்தண்ணிக் கறையும் வெட்டும் அம்புக்குறியுமாக இருக்கும். அதில் தாளைத் தண்ணீரில் போட்ட நேரமும் கருவி காட்டிய இலக்கமும் மட்டும்தான். கழற்றிய நேரம் என் பொறுப்பு. என் ஏட்டைத் திறக்கும்போதெல்லாம், அச்சடிச்ச மாதிரி இருக்கு என்று சொல்லுவார். எனக்கு அது பெருமையாக இருந்தது. சீட்டுகளை நான் கிழிப்பது அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை, எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. களத்தில் எழுதிய அழுக்குச் சீட்டுத்தான் மூலம், என் ஏடு வெறும் நகல் என்பது விஞ்ஞானம் படித்தவர்களுக்கு மூச்சு விடுவது போலத் தெரிந்த விடயமாம். கந்தோரில் எல்லாம் நேர்மாறு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூட்டம் கடுமையாக இருந்தது. தூறல் வேறு. குருணாகல் பக்கம் போகும் பஸ் ஒன்று பழுதாகி வரிசை அசையவில்லை. முப்பத்தோராம் தாள் கழற்றும்போது சாம்பல் நிறத்தைக் கடந்து கறுப்பாகவே இருந்தது. வழியில் திறீவீலர் நின்று நின்றுதான் போயிற்று; தூறல் உள்ளே அடித்ததால் மிஸ் அன்று கடிகாரத்தைப் பார்க்காமல் ஐஸ் பெட்டியை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார். மாடிக்குப் போய்த் தாளைத் தண்ணீரில் போட்டபோது ஏழு பத்து. அதை மிஸ் தன் கொப்பியில் எழுதினார். கருவி காட்டிய இலக்கம் அதுவரை நாங்கள் கண்டவற்றிலெல்லாம் பெரியது. மிஸ் மூன்று தரம் அளந்து பார்த்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். "இது ஒண்ணு போதும் அங்கிள்" என்றார். அன்று மத்தியானம் நான் ஏட்டில் எழுதியதும் இன்றைக்கும் இருக்கிறது. தாள் இல. 31, கழற்றியது 6.52. ஏழு பத்தில் இருந்து கழித்தால் பதினெட்டு நிமிடம். விதிக்குள் இருக்கிறது.

கம்பனியும் பெண்களும் ஒப்புக்கொண்டு மூன்று பேர் கொண்ட ஒரு குழு வைத்தார்கள். குழு தன் சார்பில் ஒரு கருவியை இரண்டு மாடிக் கட்டிடத்தின் கூரையில் வைத்தது. நாள் முழுக்கத் தூசு பிடித்து, தாள்களை வெள்ளித்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, பௌர்ணமிப் போயா விடுமுறையும் ஞாயிறும் கழிந்தபின் கொழும்புக்கு அனுப்பியது. அங்கே அளந்தபோது ஒட்சியேற்றும் பொருள் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்று வந்தது. இருந்திருந்தால்தான் அதிசயம். செத்ததை எண்ணி உயிரோடு இருந்தது எத்தனை என்று சொல்ல முடியாது என்று மிஸ் அவர்களுக்கு எழுத்தில் கொடுத்தார். அதனால் விடயம் எங்கள் தாள்களில் வந்து நின்றது. நேரம் சரியென்றால் இலக்கம் சரி. நேரத்துக்குச் சாட்சி நான்.

நான் பல நகரங்களின் புகை வரலாறுகளை வாசித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு வில்லன் வருவான், ஆலை முதலாளியாகவோ பொய் சொல்லும் அதிகாரியாகவோ. எங்கள் வரலாற்றில் அப்படி ஒருவர் இல்லாமல் போனதுதான் என்னால் இன்றைக்கும் செரிக்க முடியாதது. குழுவில் என்னை விசாரித்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆய்வுகூட அதிகாரி. மரியாதையாகக் கதிரை தந்தார். ஏட்டைத் திறந்து பத்துப் பதினைந்து பக்கம் மெதுவாகப் புரட்டினார்.

"வடிவான எழுத்து ஐயா. இதெல்லாம் றோட்டிலை நிண்டு எழுதினதோ?"

சீட்டில் எழுதி மத்தியானம் பிரதி செய்தது என்றேன்.

"ஓம். அப்ப அந்தச் சீட்டுகளைக் காட்டுங்கோவன்."

கிழித்துவிட்டேன் என்றேன். மிஸ் எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "மழையும் புழுதியுமா இருந்த மாசம். ஒரே பேனை. ஒரு வெட்டில்லை. நீங்கள் பொய் எழுதினியள் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா உண்மை எண்டு சொல்லுறதுக்கு என்னட்டை என்ன கிடக்கு?" என்றார். ஒவ்வொரு வரியும் சீட்டைப் பார்த்துத்தான் எழுதினேன், ஒரு நிமிடத்தையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்து சொன்னேன். அதையும் அவர்கள் எழுதிக்கொண்டார்கள், தட்டச்சில். கீழே கையொப்பம் இட்டேன். என் கையொப்பமும் அழகாகத்தான் இருந்தது.

வெளியே படியிறங்கும்போது மிஸ் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடுப்படியில் நின்று, "நீங்க அழகா எழுதுவீங்கன்னுதான் அங்கிள் நான் உங்கள தேடி வந்தேன்" என்றார். அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அறிக்கை வந்தபோது எங்கள் அளவைகளைப் பற்றி ஒரே வாக்கியம் இருந்தது, மூலக் குறிப்புகள் இல்லாத காரணத்தால் கவனத்தில் எடுக்கப்படவில்லை என்று. அதன் கீழ் காலை வேலைநேரத்தை மாற்றுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிந்தது. கம்பனி அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துத் தும்புக்கட்டைகள் வைக்கும் அறைக் கதவில் ஒட்டியது. என் ஏடு தபாலில் திரும்பி வந்தது, முதல் பக்கத்தில் "பார்வையிடப்பட்டது" என்று ஒரு முத்திரையோடு. அந்த ஏட்டிலேயே அழகில்லாத ஒரு விடயம் அந்த முத்திரைதான். மிஸ்ஸுக்குப் பணம் கொடுத்தவர்கள் அடுத்த வருடத்துக்கு அதை நீட்டிக்கவில்லை. அவர் அறையைக் காலி செய்த அன்று ஹாஜியார் சீனி மூட்டைகளை மீண்டும் படியில் அடுக்கினார். தங்கச்சி எட்டரை வரை கூட்டிக்கொண்டே இருந்தாள். என்னைக் கண்டால் முன்போலத்தான் பேசினாள், கேலியும் செய்தாள். "அண்ணே, ஒங்க எழுத்து ரொம்ப அழகாம்ல. கமிட்டியே சொல்லிருச்சாம்" என்றாள் ஒருநாள், பிள்ளைகள் எல்லோரும் இருக்க. சிரித்தாள். பிறகு இருமினாள். இப்போது அவள் வேலைக்குப் போவதில்லை. மாடிப்படி ஏற முடியாது. தலையணையின் கீழ் உறிஞ்சும் மருந்துக் குழல் இருக்கிறது. எதனால் இப்படி ஆயிற்று என்று வைத்தியசாலையில் கேட்டால், விறகுப் புகையாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னிடம் சீட்டு இல்லை.

இல்லை என்றுதான் சென்ற மாதம் வரை நினைத்திருந்தேன்.

சீட்டைக் கண்ட உடனே எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். மூலம் ஒன்று பிழைத்திருக்கிறது, அதுவும் முப்பத்தொன்று. பெட்டியிலிருந்து ஏட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சீட்டில் 6.42. ஏட்டில் 6.52. இரண்டும் என் கை. இரண்டும் சந்தேகமில்லாமல் எழுதப்பட்டவை.

அன்று முழுவதும் அந்தச் செவ்வாய்க்கிழமையை நிமிடம் நிமிடமாக நினைத்துப் பார்த்தேன். நாட்குறிப்பில் மழைக்கோட்டு நனைந்ததைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதை ஹாஜியாரின் கடை வாசலில் காயப் போட்டிருக்க வேண்டும். அப்படியென்றால் மத்தியானம் பின்கட்டில் பிரதி எழுதியபோது சீட்டு என் முன்னால் இல்லை, கோட்டுக்குள் இருந்திருக்கிறது. அன்று எதையும் கிழித்ததாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கலாம், எழுதும்போது பத்து நிமிடம் தவறியிருக்கலாம். அல்லது றோட்டில் தூறலுக்குள் கடிகாரத்தைப் பிழையாகப் பார்த்துச் சீட்டில் தவறாக எழுதி, மத்தியானம் நினைவு வந்து சரியான நேரத்தை எழுதியிருக்கலாம். மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. கந்தோரில் காலை வரவு ஏடு என் பொறுப்பில் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ பஸ் வரவில்லை என்றோ பத்து நிமிடம் பிந்தி வருகிறவனுக்குச் சிவப்புக் கோடு விழாதபடி நேரத்தைச் சரியாக்கிப் போடுவேன். எல்லா எழுதுவினைஞரும் செய்தோம். அதை ஒருவரும் பொய் என்று நினைத்ததில்லை, மனிதத்தன்மை என்றுதான் நினைத்தோம். அந்தத் தாள் பிந்தி வந்திருந்தால், இருபத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தால், மிஸ் தன் விதிப்படி அதைத் தூக்கிப் போட்டிருப்பார். அது எனக்குத் தெரியும். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து இது ஒண்ணு போதும் என்று சொன்னதையும் கேட்டிருந்தேன். என் தங்கச்சியின் நெஞ்சு அந்தத் தாளில் இருந்தது. என் கை தானாகவே அந்தப் பத்து நிமிடத்தை மன்னித்துவிட்டதா?

மிஸ் இப்போது பிலிமத்தலாவையில் இருக்கிறார். பித்தளைச் சாமான் விற்கும் கடையொன்றின் மாடியில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறார். சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரம் பார்த்துப் போனேன். பிள்ளைகள் இறங்கிப் போனபின் அவர் பலகையை அழித்துக்கொண்டிருந்தார். தலையில் நரை. "வாங்க அங்கிள்" என்றார், நேற்றுப் பார்த்தது போல. முதலில் தங்கச்சியைப் பற்றித்தான் கேட்டார். சொன்னேன். பிறகு சீட்டையும் ஏட்டையும் பிள்ளைகள் உட்காரும் வாங்கின் மேல் வைத்தேன்.

அவர் வெகுநேரம் இரண்டையும் பார்த்தார். சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் ஏழு பத்து என்று எழுதி, பதினெட்டுக்கு ஒரு கணக்கும் இருபத்தெட்டுக்கு ஒரு கணக்கும் போட்டார். அந்த நாள் கருவி காட்டிய இலக்கம் இன்னும் அவருக்குப் பாடமாக இருந்தது. சீட்டு சரியென்றால் வழியில் செத்தது இன்னும் அதிகம். ஆகவே றோட்டில் இருந்தது நாங்கள் குழுவுக்குச் சொன்னதைவிடப் பெரியது.

"அப்ப நாங்க சொன்னது குறைவு" என்றேன். என் குரலில் ஏதோ உயர்ந்திருக்க வேண்டும்.

"இருபத்தெட்டுன்னா இந்தக் கணக்கே செல்லாது அங்கிள். நீங்க சரியா எழுதியிருந்தா அன்னைக்கே நானே தூக்கிப் போட்டிருப்பேன்" என்றார். "தூக்கிப் போட்டுட்டு மறுநாள் இன்னொரு தாள் பிடிச்சிருப்போம்."

மறுநாள் மூட்டம் இருந்ததா என்று கேட்டார். நாட்குறிப்பைப் பார்த்து வைத்திருந்தேன். இருந்தது. அதற்கு அடுத்த நாளும் இருந்தது. முப்பத்தொன்று போதும் என்று நாங்கள் அந்த இரண்டு நாளும் பம்பைக் கட்டவில்லை.

மிஸ் பலகையை அழித்தார். இரண்டு கணக்கும் போயின. "எது சரி அங்கிள்? சீட்டா, ஏடா?"

"தெரியல மிஸ்" என்றேன். அறுபத்தொன்பது வயதில், பதிவேடு எழுதியே வாழ்ந்தவன், ஒரு நேரத்தைப் பற்றி இப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"அப்ப தெரியலன்னு எழுதுங்க" என்றார். "அழகா எழுதாதீங்க. எழுதுங்க." சீட்டைத் தான் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டது.

திரும்பும்போது விடியற்காலை பஸ் தரிப்பிடத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை போனேன். கம்பனி மாறிவிட்டது, பெண்களும் வேறு. இறக்கும் நேரம் மாறவில்லை. எங்கள் பெட்டி கட்டியிருந்த கம்பத்தில் தனியார் வகுப்பு விளம்பரம் ஒன்று தொங்கியது. ஆறு நாற்பதுக்கு நான் அங்கே நின்றேன். ஆறு ஐம்பத்திரண்டு வரை நின்றேன். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் என் முன்னால் ஒருத்தி குனிந்து குனிந்து போய்வந்தாள். சேலைத் தலைப்பை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். அவளுக்கு எந்த நிமிடமும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து ஏட்டைத் திறந்து, முப்பத்தோராம் வரியின் ஓரத்தில் பென்சிலால் 6.42 என்று எழுதினேன். சீட்டைக் கிழிக்காமல் அந்தப் பக்கத்தோடு ஊசியால் குத்தி வைத்திருக்கிறேன். தங்கச்சி பக்கத்து அறையிலிருந்து என்ன எழுதுறீங்க என்று கேட்டாள். பழைய கணக்கு என்றேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை முப்பத்தோராம் தாள் கழற்றப்பட்டது 6.42க்கா 6.52க்கா என்பதும், வித்தியாசத்துக்குக் காரணம் மறதியா என் கையா என்பதும் இதை எழுதும் நாள் வரை உறுதிப்படுத்தப்படவில்லை.